வேறொருத்தி பெயரில் வந்த பணம்

எய்யா,

நீ செய்யாதே என்று சொன்னதைச் செய்துவிட்டேன். கடைசி வரை இழுத்து வைத்துச் சொல்லும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். என் வங்கிக் கணக்கில் முடக்கி வைத்திருக்கிறார்களே, அந்தப் பதினைந்தாயிரத்து ஒரு ரூபாய், அதை அந்தப் பெண்ணுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இனி கிரைண்டரும் இல்லை, அதை விற்ற பணமும் இல்லை. நீ கோபப்படுவாய். படு. ஆனால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்த பிறகு படு.

ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். குரலாகப் பதிந்து அனுப்பினால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய், என் குரல் எலிக்குஞ்சு மாதிரி ஆகிவிடும். நானே பார்த்திருக்கிறேன். எழுதிவிட்டால் நீ எழுத்துக் கூட்டித்தான் படித்தாக வேண்டும், அவசரப்பட முடியாது. உன் தமிழ் அந்த லட்சணத்தில் இருக்கிறது. முடியாவிட்டால் உன் பெண்டாட்டியிடம் கொடு, அவள் கோபர்கைரனேயில் வளர்ந்தவள் என்றாலும் தமிழை நறுக்கென்று படிக்கிறாள். இதை ஒளித்து வைக்கவும் வேண்டாம். உன் மாமனார் வீட்டில் படிக்கட்டும், தாராவியில் நம் வரிசையில் இருக்கிறவர்கள் படிக்கட்டும். பழைய சாமானை ஆன்லைனில் விற்கிற யாருக்காவது இது உதவினால் நல்லது. வேறு ஆட்களும் படிக்கப்போவதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ கல்யாணம் முடிந்து புது வீட்டுக்குப் போனபோது, தை பிறந்ததும் நானும் அங்கே வந்துவிடுவதாகப் பேச்சு. அந்த வீட்டு அடுக்களையில் என் பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டரை வைத்தால் உன் பெண்டாட்டி ஒற்றைக்காலில் நின்றுதான் சமைக்க வேண்டும். "வித்துருவோம்மா, மாவு விக்கிறதெல்லாம் போதும்" என்றாய். இருபது வருடம் அந்தக் கிரைண்டர் அரைத்த மாவில்தான் நீ படித்தாய், சட்டை போட்டாய், பைக் வாங்கினாய். போதும் என்று நீ எளிதாகச் சொல்லிவிட்டாய். எனக்கு எளிதாக இல்லை. ஆனாலும் தோள் வலி எனக்குத்தானே தெரியும், சரி என்றேன். நீயே நாலு பக்கமும் படம் எடுத்தாய், நீயே விளம்பரம் போட்டாய், என் நம்பரைக் கொடுத்தாய். போகும்போது பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பாடம் நடத்தினாய். பணம் வாங்குவதற்கு எந்தப் படத்தையும் ஸ்கேன் செய்யக் கூடாது, பின் நம்பர் போடக் கூடாது. பணம் அனுப்பிவிட்டேன் என்று போனைக் காட்டினால் நம்பக் கூடாது, மெசேஜ் வந்தாலும் நம்பக் கூடாது, வங்கிக் கணக்கையே திறந்து பார்க்க வேண்டும். நான் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். அதுதான் இப்போது என்னைக் குழப்புகிறது. ஒன்றைக்கூட நான் மறக்கவில்லையே!

முதலில் ஒருத்தன் கூப்பிட்டான். தான் பட்டாளத்தில் இருப்பதாகவும், நேரில் வர முடியாது, ஒரு படம் அனுப்புகிறேன், அதை ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடும் என்றும் சொன்னான். பட்டாளத்தில் தோசை சுடப் போகிறாயா என்று கேட்டேன், வைத்துவிட்டான். அடுத்தவன் பணம் போட்டாயிற்று என்று ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான், டெம்போ வாசலுக்கு வந்துவிட்டது, சீக்கிரம் ஏற்றுங்கள் என்று பறந்தான். கணக்கைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. டெம்போவை அப்படியே திரும்பிப் போகச் சொன்னேன். அன்றைக்கு உனக்குப் போன் போட்டு எவ்வளவு பெருமை அடித்துக்கொண்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீயும், "அம்மா உஸ்தாத்ம்மா நீ" என்றாய். அங்கேதான் எனக்கு மண்டைக்கனம் ஏறியது. இனி எவனாலும் என்னை ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு நேரிலேயே வந்தான். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலில் ஓரமாக, ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான். செம்பூரில் தோசைக் கடை போடப் போகிறேன் அம்மாஜி என்றான். கிரைண்டரை ஓட்டிப் பார்த்தான், கல்லைத் தடவிப் பார்த்தான், பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டான். விஷயம் தெரிந்தவன்தான். பதினெட்டில் ஆரம்பித்துப் பதினைந்துக்கு வந்தோம். மொட்டையாகக் கொடுக்காதே, ஒரு ரூபாய் சேர்த்துக் கொடு, சோறு போட்ட சாமான் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினான். டீ போட்டுக் கொடுத்தேன். பணம் வீட்டிலிருந்து வரும் என்று சொல்லி என் கணக்கின் க்யூஆர் படத்தைத் தன் போனில் எடுத்துக்கொண்டான், வெளியே போய் யாரிடமோ பேசினான். கால் மணி நேரத்தில் என் போன் கூவியது. நான் மெசேஜை நம்பவில்லை. கணக்கைத் திறந்தேன். பதினைந்தாயிரத்து ஒன்று, சுத்தமாக வந்து உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகும் உனக்குப் போன் செய்தேன். நீ உன் போனிலும் திறந்து பார்த்துவிட்டு, "வந்துட்டும்மா, குடுத்துரு" என்றாய்.

இதை உன் மேல் பழி போட எழுதவில்லை. நாம் இரண்டு பேருமே பார்த்தோம் என்பதற்காக எழுதுகிறேன். அனுப்பியவர் பெயர் ரேகா என்று இருந்ததையும் இரண்டு பேருமே பார்த்தோம். "பொம்பளப் பேரா இருக்கே?" என்று நான் அவனிடம் கேட்கவும் செய்தேன். "பாபி காத்தா அம்மாஜி" என்றான், அண்ணன் பெண்டாட்டியின் கணக்காம். உன்னிடம் சொன்னேன். "அதனால என்னம்மா" என்றாய். எனக்கும் அதேதான் தோன்றியது. அதனால் என்ன?

அதனால் என்ன என்று நமக்கு ஏன் தோன்றியது என்பதைத்தான் இந்த ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டில் எது எவர் பெயரில் இருந்தது, சொல் பார்க்கலாம். கரண்ட் மீட்டர் இந்த ரூமை நமக்கு முன்னால் வைத்திருந்த மராத்திக்காரர் பெயரில் இன்றைக்கும் வருகிறது. கேஸ் உன் மாமா பெயரில். நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது அந்த மாமாவின் ரேஷன் கார்டில்தான், ஒரு வருடம் முழுக்க அவரைத்தான் உனக்குக் கார்டியன் என்று எழுதியிருந்தார்கள். என் கையில் இருக்கிற போனின் சிம் உன் பெயரில். நம் தெருவில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதைதான். ஊரிலிருந்து வந்து இறங்கி, கையில் ஒரு காகிதமும் இல்லாமல், யார் பெயர் கிடைத்ததோ அந்தப் பெயரில் ஒண்டிப் பிழைத்தவர்கள் நாம். அண்ணன் பெண்டாட்டி கணக்கிலிருந்து தம்பிக்குப் பணம் வந்தால், மாட்டுங்காவில் பத்திரம், பாஸ்புக் எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிற வீட்டுக்காரர்களுக்கு வேண்டுமானால் சந்தேகம் வந்திருக்கும். நமக்கு அது சோறு தின்பது மாதிரி சாதாரண விஷயம்.

வெறும் கிரைண்டராகக் கொடுக்க மனசு வரவில்லை. உள்ளே இரண்டு கை பச்சரிசியும் ஒரு கை உளுந்தும் போட்டுக் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றான். பிறகு கிரைண்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். என் கண் நிறைந்துவிட்டது. நல்ல கைக்குத்தான் போகிறது என்று நினைத்தேன். டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அவன் செருப்பைக் கழற்றி வைத்த விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. டெம்போ நம்பர் ஞாபகம் இல்லை. பார்க்கவே இல்லை.

மூன்று வாரம் போனது. ஒரு நாள் கடையில் எண்ணெய் வாங்கிவிட்டுப் போனில் பணம் போட்டால் போகமாட்டேன் என்கிறது. நெட்வொர்க் என்று நினைத்தேன். அதே மத்தியானம் உனக்கு ஆபீசில் போன் வந்தது. வேறு மாநிலத்திலிருந்து போலீஸ். இந்த நம்பர் உன் பெயரில்தானே இருக்கிறது, இந்த நம்பரோடு சேர்ந்த கணக்கில் மோசடிப் பணம் வந்திருக்கிறது என்று கேட்டார்களாம். மீட்டிங்கிலிருந்து எழுந்து ஓடி வந்தாய். உன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. "ஒனக்கு எதுக்கும்மா இந்த வேல? அந்த இரும்ப அங்கயே கெடக்க விட்டா என்ன?" என்று கத்தினாய். விளம்பரம் போட்டவன் நீ என்று என் வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன். பெற்றவளால் பிள்ளை போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்துவிட்டதே என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

வங்கியில் அந்தச் சின்னப் பெண் பொறுமையாக விளக்கினாள். அவளும் நம்ம பக்கத்துக்காரிதான், தூத்துக்குடி. நான் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் சொன்னாள். கிரைண்டர் வாங்க வந்தவன் தன் பணத்தைக் கொடுக்கவே இல்லை. அதே நேரத்தில் எங்கேயோ இந்தூர் பக்கம் ரேகா என்று ஒரு பெண் பழைய தையல் மெஷின் ஒன்றை ஆன்லைனில் பார்த்திருக்கிறாள். அந்த விளம்பரம் போட்டவனும் இவன்தான், அல்லது இவன் கூட்டாளி. மெஷின் வேண்டுமென்றால் இந்தக் கணக்கில் பணம் போடு என்று என் க்யூஆர் படத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் போட்டாள். எனக்குப் பணம் வந்தது, நான் கிரைண்டரைக் கொடுத்தேன். அவளுக்கு மெஷின் வரவில்லை, போலீசுக்குப் போனாள். போலீஸ் பணம் போன பாதையைப் பார்த்தால் அது என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. நடுவில் நின்ற ஆளைக் காணோம். அவன் நம்பர் அன்றைக்கே அணைந்துவிட்டது. என் மாவுக் காசு மொத்தமும் கணக்கோடு பூட்டிக்கொண்டது.

நான் அந்த வங்கிப் பெண்ணிடம் கேட்டேன். "ஏம்மா, பணம் நெசம், கணக்கு நெசம், பேரு நெசம். பெறவு எதுதான் பொய்யி?" அவள் சொன்னாள், "ஆளு மட்டும் பொய்யி ஆச்சி." எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எதிரில் நின்று டீ குடித்தவனை விடவா அந்தக் கணக்கு நிஜம்?

இதற்கு இடையில், பணம் போட்ட ரசீதில் இருந்த என் நம்பரைப் பார்த்து ரேகா எனக்குப் போன் செய்தாள். தெரியாத நம்பரை எடுக்காதே என்று நீ சொல்லியிருந்தாய். எடுத்துவிட்டேன். அவள் பேசியது இந்தி, நம் பேச்சில் எழுதுகிறேன். முதலில் என்னைத் திருடி என்றுதான் திட்டினாள். நான் பதிலுக்கு அவளைத் திருடி என்று திட்டினேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கிய பிறகுதான் பேச ஆரம்பித்தோம். பிளவுஸ் தைக்கிறவளாம். பழைய மெஷின் உடைந்துபோய், பண்டிகைத் துணியெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். கடைசியில் ஒன்று கேட்டாள். "ஒரு ரூபாய் எதுக்கு? பதினஞ்சாயிரம்னுதான் பேசினோம். திடீர்னு ஒரு ரூபாய் சேத்துப் போடச் சொன்னான். எதுக்குன்னு கேட்டேன். மெஷின்காரம்மா ராசி பாக்கிறவங்கன்னு சொன்னான்."

எய்யா, அந்த ஒரு ரூபாயைக் கேட்டது நான். என் வாயிலிருந்து போன சொல் அவன் வழியாக எங்கேயோ போய், முன்பின் தெரியாத ஒருத்தியின் காதில் விழுந்து, பணமாக என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. உன்னிடம் சொன்னபோது நீ ஒரே பேச்சில் முடித்துவிட்டாய். "அவளும் அந்தக் கூட்டந்தாம்மா. ஒரு ரூபாய நீ எதுக்குக் கேட்டன்னு ஒனக்கும் அவனுக்கும்தான் தெரியும். அவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? இனிமே எடுத்தேன்னா பாத்துக்கோ." நீ சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் அழுததிலும் நியாயம் இருந்தது. நாலு நாள் எனக்குத் தலை சுற்றியது. அவள் சொன்னதை நம்பினால் நான் ஏமாளி, நம்பாவிட்டால் பாவி. வக்கீலிடம் போவோம், நாம் நேர்மையாகத்தான் விற்றோம், பணம் நம்முடையது என்று சண்டை போடுவோம் என்றாய். அதுவும் சரியாகத்தான் பட்டது. நான் சாமானைக் கொடுத்துத்தானே பணம் வாங்கினேன்? யாரிடம் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள், அத்தனையும் சரியாகத்தான் இருந்தது.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ ஏழு வயதில் ஒருநாள் என்னோடு செம்பூரில் உன் அப்பா வேலை பார்த்த கம்பெனிக்கு வந்தாய். அப்பா சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் ரோட்டைத் தாண்டி வருவதற்குள் நீ ஓடிப்போய் வாட்ச்மேனிடம் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னாய். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்றான் அவன். நான் வந்து சேர்ந்து, "சுடலைமுத்துவைக் கூப்பிடுங்கள்" என்றேன். "எங்க அப்பா பேரு அது இல்ல" என்று நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாய். நான் உன்னை அறைந்தேன். வாய் கட்டிப்போன மாதிரி வீடு வரை பேசாமல் வந்தாய். ஏன் அடித்தேன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த அடிக்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னதற்குத்தான் அடித்தேன்.

அந்த வேலை சுடலைமுத்துச் சித்தப்பாவின் வேலை. அப்பாவுக்குத் தம்பி முறை, ஒரே ஊர். மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போகும்போது, வேலை போய்விடக் கூடாதே என்று தன் கார்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மாதம் என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அப்பா பதினோரு வருடம் சுடலைமுத்துவாக வேலை பார்த்தார். மேஸ்திரிக்குத் தெரியும், வேலை நடந்தால் போதும் என்று விட்டுவிட்டார். பிறகு கம்பெனியை மூடினார்கள். எல்லாருக்கும் செட்டில்மென்ட் கொடுத்தார்கள். அப்பாவின் பதினோரு வருடத்துப் பணம் அத்தனையும் சுடலைமுத்து பெயருக்கு, ஊரில் அவர் கணக்குக்குப் போய்விட்டது. எங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. யாரிடம் போய்ச் சொல்வது, நான்தான் அவன் என்றா?

இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. அந்த இரண்டு மாதமும் நான் சுடலைமுத்துவைச் சபிக்காத நாள் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் நின்று, முழுங்கிவிட்டான், அவன் குடும்பம் விளங்காது என்று வரிசைக்கே கேட்கும்படி பேசினேன். ஒருநாள் காலை அவர் வாசலில் வந்து நின்றார். இரண்டு நாள் ரயிலில் ஜெனரல் பெட்டியில் வந்திருக்கிறார், சட்டையெல்லாம் கரி. இன்னும் எதையாவது கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து நான் வா என்றுகூடச் சொல்லவில்லை. அவர் துண்டில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்ததை அவிழ்த்து என் முன்னால் வைத்தார். வங்கியில் கையெழுத்து சரியில்லை என்று அலைய விட்டார்களாம், அதனால்தான் இரண்டு மாதம். ரயில் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு மறுநாளே போய்விட்டார். அந்தப் பணத்தில்தான் கிரைண்டர் வாங்கினேன்.

ஆக என் லட்சணத்தைப் பார். நல்லவனைக் கள்ளன் என்று ஊருக்கே சொன்னேன். கள்ளனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். ஆள் பார்த்து எடை போடுவேன் என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! இனி சொல்லமாட்டேன்.

முந்தாநாள் சாயங்காலம் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, இரண்டு மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. நலம் விசாரித்துவிட்டுக் கேட்டேன். "தம்பி, அன்னைக்கு அந்தப் பணத்த நீங்களே வச்சிருந்தா எங்களால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதே. எப்படிக் கொண்டாந்து குடுக்கணும்னு தோணிச்சு?"

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன்.

"கேக்குது மைனி. இத என்னத்துக்கு இப்பம் கேக்கிய? அது அண்ணன் வேல பாத்த துட்டுல்லா?"

"ஒங்க பேர்லதான வந்துச்சு?"

"பேருல வந்தா? அண்ணன் துட்டுதான மைனி. வேற என்ன செய்யச் சொல்லுதிய?"

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. ஒரு மாதமாக நான் குழம்பித் தவிக்கிறேன், அந்த மனிதருக்கு நான் ஏன் கேட்கிறேன் என்பது மட்டும்தான் குழப்பம். மழை பெய்ததா, உன் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதே என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனேன். நீ என்னைப் பைத்தியக்காரி என்று நினைக்காமல் இருக்க இதையும் சொல்லிவிடுகிறேன். ரேகா கேட்டாள் என்று அவள் சொன்ன நம்பருக்குப் பணம் அனுப்பவில்லை. அப்படி அனுப்பினால் அது எவன் கைக்குப் போகுமோ, நாளைக்கு போலீஸ் மறுபடி என்னிடமே கேட்டால் இரண்டு தடவை கொடுக்க வேண்டி வரும். வங்கிப் பெண் சொன்னபடி செய்தேன். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத்தான் திரும்பும். போனில் பேசியவள் நிஜ ரேகாவாக இருந்தால் அவளுக்குக் கிடைக்கும், கூட்டத்துக்காரியாக இருந்தால் அவள் கைக்குப் போகாது. உன் சந்தேகத்துக்கும் என் மனசுக்கும் சேர்த்து ஒரு வழி அதுதான். ஹவல்தார் நான் எழுதிக் கொடுத்ததைப் படம் எடுத்து அந்த வெளி மாநிலப் போலீசுக்கு அனுப்பினார். மீதிக் கணக்கு திறந்துவிடுமா என்று கேட்டேன். "திறக்கலாம்" என்றார். எப்போது என்றேன். தோளைக் குலுக்கினார். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

இனி யாராவது ஏதாவது விற்பதாக இருந்தால், வாங்க வந்தவன் எதிரில் நின்று அவன் போனிலிருந்து, அவன் பெயரிலிருந்து பணம் போடட்டும். வேறு பெயர் வந்தால், அந்தப் பெயர்க்காரரிடம் பேசாமல் சாமானைத் தொட விடாதே. அவன் அடையாளக் கார்டையும் வண்டி நம்பரையும் படம் எடுத்துக்கொள், விற்றதாக ஒரு சீட்டு எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நான் அன்றைக்கு ரேகாவிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவள் பணம் அன்றைக்கே அவளுக்குத் திரும்பியிருக்கும், என் கிரைண்டரும் போயிருக்காது. ஆனால் ஒன்று. இதையெல்லாம் செய்தாலும் ஏமாறமாட்டோமா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. போன தடவையும் எல்லாம் செய்ததாகத்தான் நினைத்தேன். அவனே கூலிக்கு வந்த ஆளோ, அவனையும் எவனாவது ஏய்த்தானோ என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது. கிரைண்டரைத் தொட்டுக் கும்பிட்டானே, அது நடிப்பா? அந்த அரிசியைக் கொட்டிவிட்டானா, அரைத்தானா? இது எனக்குக் கடைசி வரை தெரியப்போவதில்லை.

போன வாரம் நீ சொன்னாய், இனி உனக்குக் கணக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், எல்லாவற்றையும் என் பெயருக்கே மாற்றிவிடுகிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. ஆசையாகத்தான் சொன்னாய், தெரியும். வேண்டாம் எய்யா. உன் அப்பா பதினோரு வருடம் இன்னொருத்தர் பெயரில் உழைத்தார். அந்த இன்னொருத்தர் சுடலைமுத்துவாக இருந்ததால் நாம் பிழைத்தோம். எல்லாருக்கும் அப்படி அமையுமா? ஞாயிற்றுக்கிழமை வா. சிம் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், இந்த நம்பரை என் பெயருக்கு மாற்று. அடுத்த தடவை போலீஸ் கூப்பிட்டால் உன் ஆபீசுக்குக் கூப்பிடக் கூடாது, என்னைக் கூப்பிட வேண்டும். பதில் சொல்லத் தெரிந்துகொண்டேன்.

வரும்போது கோபத்தையும் கொண்டு வா, சாப்பாட்டோடு சேர்த்து இறக்கி வைத்துக்கொள்ளலாம். கிரைண்டர் இல்லாததால் கடை மாவில்தான் தோசை. புளிப்பு சரியாக இருக்காது. குறை சொல்லாமல் சாப்பிடு. சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பாவுக்கு நீயே ஒரு போன் போடு. நீ போட்டிருக்கிற சட்டைக்கு அவர்தான் காரணம் என்று அவருக்கே தெரியாது. சொன்னாலும் அவருக்குப் புரியாது. ஆனாலும் சொல்.

உன் அம்மா